மேடைக்குப் போகும் கோட்டு

கோழியை இன்னும் அறுக்கவில்லை. அதற்குள் கோட்டு ஈரமாக இருந்தது.

கெசையா பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். தேர்தல் வரும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இந்தக் கேதுரு மரப் பெட்டியைத் திறந்து, கற்பூர நெடிக்குள் மடித்துக் கிடக்கும் மூத்த மகனின் நீலப் பட்டாளக் கோட்டை எடுத்து, தூசி தட்டி, மார்பில் காய்ந்திருக்கும் கறையின் மேல் கோழி ரத்தத்தைத் தடவிக் காயவைப்பது அவள் வேலை. பழைய ரத்தம் பழுப்பாகிவிடுகிறதாம். கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்பது அவள் கணவர் ஜெனரல் வாரிக்கின் கவலை. உள்நாட்டுப் போர் முடிந்து ஏழு வருஷத்தில் மூன்று தேர்தல், மூன்று கோழி. இது நான்காவது. மூத்தவன் சைலஸ் போரில் செத்தது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு இண்டியானா மாநிலத்தில் மேடை போட்ட இடமெல்லாம் அவன் அப்பா அவனைச் சாகடித்துக்கொண்டிருந்தார்.

ஜெனரல் போரில் கொடுத்ததை விட வாங்கிக்கொண்டது அதிகம். போருக்கு முன் ஊரில் யாரும் வழக்குக் கொடுக்காத வக்கீல். பிறகு கர்னல், ஜெனரல், வாஷிங்டனில் காங்கிரஸ் சபை உறுப்பினர். போர் அவர் உடம்பில் விட்டுப்போன ஒரே அடையாளம் தொப்பை. ஆனாலும் கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். மழை நாளில் மறந்து வலது காலை இழுத்ததும் உண்டு.

அவள் கோட்டைத் தூக்கினாள். கறை செக்கச்செவேலென்று இருந்தது. கற்பூரத்தையும் மீறி ஒரு வாடை வந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தது போன்ற வாடை. திருப்பிப் பார்த்தாள். முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, அவள் கையால் இழையோட்டி அடைத்திருந்த துளை திறந்திருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை. யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பிரித்தது போல, ஒரே இழையாகச் சுருண்டு தொங்கியது.

அந்தத் துளையைப் பற்றி ஊருக்குத் தெரியாது. எதிரியைப் பார்த்தபடியே விழுந்தான் என் மகன், என்பார் ஜெனரல். அது பொய்யில்லை. ஆனால் முதுகுத் துளை கட்டைவிரல் நகம் அளவு, வட்டமாக இருந்தது. மார்புத் துளை உள்ளங்கை அளவு கிழிந்திருந்தது. மான் தோலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, குண்டு எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறியது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆற்றில் இறங்கத் தயங்கி நின்ற பையன்களின் பின்னால் இருந்தது அவர்களுடைய சொந்தப் படைதான். தயங்குகிறவனைச் சுடு என்று உத்தரவு போட்டவர், அப்போது கர்னலாக இருந்த அவள் கணவர், குதிரை மேல் இருந்தார்.

பூச்சி அரித்திருக்கிறது, தைத்துவிடு என்றார் முதல் வருஷம். தைத்துவிட்டாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெனரல் வந்தார். பின்னாலேயே அவருக்கு ஆள் திரட்டும் பிக்ஸ்பி.

"காஞ்சிடுச்சா?"

"கோழி இன்னும் கொல்லையில கொக்கரிச்சிட்டு இருக்கு."

"அம்மாவுக்குக் கைராசி, ஜெனரல்," என்றான் பிக்ஸ்பி. "போன தடவை முன்வரிசையில ரெண்டு பொம்பளைங்க மயங்கி விழுந்தாங்க. ரெண்டு பேரு புருஷனும் நமக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க."

"இந்தத் தடவை சும்மா தூக்கிக் காட்டப் போறதில்ல," என்றார் ஜெனரல். "மைரன் போட்டுக்கிட்டு நிப்பான். பத்தொம்பது வயசு, அண்ணன் உசரம், அண்ணன் ஜாடை. ஜனம் கதறிடும்."

"அவன விட்டுடுங்க. எனக்கு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"ஒரு கோட்டுக்கு இவ்வளவு அழுகையா?"

"ஒருத்தனை முழுங்கினது போதலையா உங்களுக்கு?"

பிக்ஸ்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெனரல் சிரித்தார். ஓட்டுக் கேட்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

"மேடையேறிச் சொல்லேன். ஓட்டையத் தைச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லு."

அவள் கோட்டை அள்ளிக்கொண்டு கீழே அடுப்படிக்குப் போனாள்.

மைரன் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரம்தானேம்மா. மாட்டேன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருப்பாரு. அந்த மூஞ்சியப் பாக்கிறதுக்கு இது தேவல."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கோட்டை அதில் போட்டிருக்கலாம். அவள் ஊசியை எடுத்தாள். மெழுகு தேய்த்த இரட்டை நூல், நெருக்கமான தையல். இந்தத் துளையை அடைத்துவிட்டால் எதுவும் உள்ளே போகாது, எதுவும் வெளியே வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குத்தினாள். ஊசி ஒவ்வொரு முறையும் நனைந்து வந்தது. மடியில் கிடந்த துணி மெல்ல உப்பியது, தாழ்ந்தது. தூங்குகிற குழந்தையின் முதுகைப் போல. கடைசித் தையலில் அது மூச்சை அடக்கிக்கொண்டது.

சந்தைத் திடலில் பிற்பகல் இரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. பித்தளை வாத்தியங்களின் இரைச்சலும், ஆப்பிள் ரசத்தின் புளித்த வாசனையும், சுருட்டுப் புகையும், குதிரைச் சாண நெடியும் கலந்து கிடந்த கூட்டத்தில், முன்வரிசை நாற்காலியில் கெசையாவை உட்கார வைத்திருந்தார்கள். ஜெனரலின் பழைய படையாட்கள் இடப்பக்கம் நின்றார்கள். மேடையில் மைரன். கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டில், மார்பெல்லாம் சிவப்பாக. பெண்கள் விசும்பத் தொடங்கியிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் ஒரு கையை உயர்த்தியபடி ஜெனரல். இன்று இடது கால்.

"எதிரியைப் பாத்தபடியே விழுந்தான் என் மகன்!"

மைரன் நகர்ந்தான்.

முதலில் குதிகால். பிறகு இடுப்பு. அவன் முகத்தில் குழப்பம் இருந்தது. யாரோ தோளைப் பிடித்துத் திருப்புவது போல, தலை கடைசியாகத் திரும்பியது. இப்போது அவன் கூட்டத்துக்கு முதுகு காட்டி, அப்பாவைப் பார்த்து நின்றான்.

சத்தம். சின்னச் சத்தம். பட்.

ஒரு தையல்.

வாத்தியங்களுக்கு நடுவிலும் அவளுக்குக் கேட்டது. பட். பட். நூல் வெளியே வந்து சுருண்டது.

இடப்பக்கம் ஊன்றுகோலோடு நின்ற ஒருவன் தொப்பியைக் கழற்றினான். பக்கத்திலிருந்தவன் கழற்றினான். பிறகு எல்லோரும். ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள்.

"மைரன்!" அவள் எழுந்தாள். மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பட்.

துளை திறந்தது.

"அம்மா." திரும்பாமலே கூப்பிட்டான். சின்னப் பிள்ளையின் குரல். "முதுகு சில்லுனு இருக்கும்மா."

அவள் துளைக்குள் பார்த்தாள். கோட்டின் உள்துணியைத் தேடினாள். அவன் சட்டையைத் தேடினாள். தோலைத் தேடினாள்.

எதுவும் இல்லை.

அவன் மார்புக்கு அந்தப் பக்கம் வெயில். வெயிலில் ஜெனரலின் வெள்ளை உள்கோட்டு. தொப்பை மேல் இறுகிய ஒரு பித்தான்.

பித்தான் ஏறியது. இறங்கியது.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.