மூச்சடக்கிய அறை

மணிக்கூண்டு முனையில் கணவனும் மனைவியும் பேருந்தைவிட்டு இறங்கியபோது காலை வெயில் இதமாகத்தான் இருந்தது. பழைய நகரத்தின் குறுகலான சந்துகள் அங்கேதான் தொடங்குகின்றன. அந்தச் சந்துகளின் வரலாற்றைக் கைப்பேசியில் கேட்டபடி, வழிகாட்டி யாரும் இல்லாமல், அவரவர் போக்கில் நடக்க ஓர் ஒலி உலாவை நகராட்சி தொடங்கவிருந்தது. திறப்பு விழாவுக்கு முன் ஒருதடவை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள்.

உலாவைத் தொகுத்தவள் அவள்தான். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பாம்புச்செவி. பக்கத்து அறையில் ஒருவன் எச்சில் விழுங்கினால்கூட இவளுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். கணவன் ஒலிப்பதிவாளன். அவன் பிடித்து வருவான், இவள் வெட்டி ஒட்டுவாள். மீன்காரனுக்கு வாக்கப்பட்ட சமையல்காரி என்று கேலி செய்யாத ஆள் கிடையாது.

"நீங்க முன்னாடி போங்க. சேர்ந்து நடந்தா பேசிக்கிட்டே வருவீங்க, நான் எதையும் கேட்ட மாதிரிதான்."

"நானா பேசுவேன்? இந்த வீட்டுல யாரு வாயாடின்னு ஊரைக் கேளு, சொல்லும்" என்று சிரித்துவிட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அவன் விறுவிறுவென்று நடந்துவிட்டான்.

முதல் நிறுத்தம் பழைய அச்சகம். அறிவிப்பாளரின் கனத்த குரல் கணீரென்று வந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு இழுப்பார். அத்தனை மூச்சையும் அவள் களை பிடுங்குவதுபோல் பிடுங்கிப் போட்டிருந்தாள். வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள்.

அடுத்த தெருவில், பூட்டிக் கிடந்த பொதுக்குளியலறை வாசலில் நின்றபோதுதான் ஒன்றை உணர்ந்தாள். அறிவிப்பாளர் பேச்சை நிறுத்தும் இடத்திலெல்லாம் அவளுடைய மூச்சும் நின்றது. அவர் பேசத் தொடங்கினால் மூச்சு வந்தது. நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்ததன் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

வாடகைக் குதிரைகள் நின்ற கொட்டடிக்கு எதிரே அறிவிப்பாளர் மறுபடி நிறுத்தினார். அங்கே அவள் வைத்திருந்தது ஒரு சின்ன இடைவெளிதான்.

குரல் திரும்ப வரவில்லை.

அவள் காத்திருந்தாள். காதுக்குள் அமைதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கனமான, நெருக்கமான அமைதி. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் மூச்சு உள்ளே போனது. தெருச் சத்தம் மொத்தமாக வந்து மோதியது. வண்டி மணி, இரும்புக்கடைச் சுத்தியல், யாரோ யாரையோ திட்டும் குரல். அந்தத் திட்டுகூட அப்போது தேனாக இருந்தது.

அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூச்சை வெட்டிய இடத்தைச் சும்மா விட முடியாது, கேட்பவர் காதில் பள்ளம் விழும். அதனால் ஒலிப்பதிவாளர்கள் போகும் இடத்தின் அமைதியையும் கொஞ்சம் பிடித்து வருவார்கள். "எல்லாரும் அமைதி" என்று சொன்னதும் கூட இருப்பவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். பிடித்து முடிந்ததும் அவள் கணவன் வழக்கமாக ஒன்று சொல்வான்: "போதும். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்." தனியாகப் போன இடத்திலும் இரண்டையும் சொல்வான், பழக்கதோஷம்.

இந்தத் தடவை தெருவில் பிடித்ததெல்லாம் ஒரே இரைச்சல். கடைசி நிறுத்தமான பழைய தையல்கூடத்தின் மாடி அறையில் பிடித்த அமைதி மட்டும்தான் சுத்தமாக இருந்தது. "எல்லாரும் அமைதி" என்ற அவன் குரலோடு பதிவு தொடங்கியது. ஆனால் முடிவில் வழக்கமான வார்த்தை இல்லை. கீழே பூட்ட வேண்டும் என்று காவலாளி கூப்பிட்டாராம், அவசரமாக இறங்கிவிட்டானாம். வெட்டுகிற வேலை மிச்சம் என்று அவளும் மகிழ்ந்தாள். தொடக்கத்தில் இருந்த அவன் குரலை மட்டும் நறுக்கிவிட்டு, வாலைத் தலையோடு ஒட்டி, முடிவே இல்லாமல் சுற்றும்படி செய்து, உலா முழுவதற்கும் அடியில் பரப்பிவிட்டாள்.

அந்த மாடியின் கதையும் அவள் கையால் தொகுத்ததுதான். சோதனை அதிகாரிகள் வந்த ஒருநாள், கணக்கில் காட்டாத பெண்களையெல்லாம் முதலாளி அந்த அறையில் அடைத்து வெளியே தாழிட்டான். நான் வந்து சொல்லும்வரை மூச்சுவிடக் கூடாது, சத்தம் கேட்டால் நாளை முதல் வேலை இல்லை என்றான். கீழே துணிக்கட்டில் தீப்பிடித்தது. முதலாளி ஓடிவிட்டான். புகை மேலே ஏறியது. ஒரு குரல் கேட்டிருந்தால் கதவை உடைத்திருப்போம் என்று தெருக்காரர்கள் பிற்பாடு அழுதார்கள். ஒரு குரலும் கேட்கவில்லையாம்.

அவள் கணவனைக் கைப்பேசியில் அழைத்தாள். எடுத்தான்.

"என்னங்க, காதுல இருக்கறதைக் கழட்டுங்க. எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. தெருச் சத்தமும் இல்லை. அதே அமைதி, தலையும் வாலும் இல்லாமல்.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்று போயிற்று.

தையல்கூடத்து வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "சார் மேல போனாரும்மா. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

படிக்கட்டில் இயந்திர எண்ணெயும் கருகிய நூலும் நாறின. மாடியில் நீளமான அறை. சன்னல்களில் பலகை அடித்திருந்தது, தரையில் தையல் இயந்திரங்களைப் பிடுங்கிய துளைகள். சுவரோரம் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டமான ரயிலில் இடிபட்டு உட்கார்ந்தவன்போல் தோளைக் குறுக்கியிருந்தான். இரண்டு பக்கமும் வெறுந்தரை.

அவன் முகம் நீலம் பாரித்திருந்தது.

நெஞ்சு அசையவில்லை.

"என்னங்க!"

அவன் விரலை உதட்டில் வைத்தான். கண்கள் அவளைக் கெஞ்சின.

காதுக்கருவியைப் பிடுங்கினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஐயோ, இவன் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அரற்றினாள். அந்த நேரத்திலும் அவள் செவி சும்மா இருக்கவில்லை. அவள் போட்ட கூச்சல் சுவரில் பட்டுத் திரும்பவில்லை. காலி அறையில் குரல் எதிரொலிக்க வேண்டும். ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அறைதான் சத்தத்தை இப்படி விழுங்கும்.

அறை நிறைந்திருந்தது.

கணுக்காலில் யாருடைய சேலையோ உரசியது.

அவளுக்கும் மூச்சு அடைத்தது. யாரும் வந்து சொல்லவில்லை. அன்றைக்கு முதலாளி சொல்லவில்லை. போன மாதம் இவன் மறுபடி அமைதி என்றான், முடித்துவைக்காமல் போனான். இவளோ அதை முடிவே இல்லாததாக்கினாள். பாவிப் பெண்களா, எத்தனை பேர்தான் உங்களை வாயை மூடச் சொல்வது!

நெஞ்சில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் திரட்டி அவள் சொன்னாள்:

"போதும்... எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் மூச்சு வெளியே வந்தது. வெதுவெதுப்பான, புகை வாடை அடிக்கும் காற்று. தரைத் தூசி எழும்பிப் பறந்தது. அவன் குப்புற விழுந்து இருமினான், காற்றை அள்ளி அள்ளிக் குடித்தான். அவள் அவன் தலையைக் கட்டிக்கொண்டு கதறினாள். அந்த அழுகை இப்போது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே அவள் உலாவின் அடியிலிருந்து அந்த அமைதியை வேரோடு உருவினாள். ஆனால் மாற்று வேண்டும், திறப்பு விழா தலைக்குமேல் நின்றது.

"நம்ம படுக்கையறையிலேயே பிடிச்சிரலாம்" என்றான் அவன்.

"நம்ம வீட்டுல அமைதியா? கிழிஞ்சது போங்க" என்றாள். அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கட்டிலின் இரு ஓரத்திலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்தார்கள். அமைதி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கையை மட்டும் உயர்த்தினான், கொஞ்ச நேரம் கழித்து இறக்கினான்.

அவள் போட்டுக் கேட்டாள். குளிர்பெட்டியின் ரீங்காரம். மாடிவீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்கும் ஓசை. அதற்கும் அடியில் ஏதோ இருந்தது. ஒலியைக் கூட்டினாள்.

மூச்சு.

நிதானமான, நீண்ட மூச்சுகள். அடித்துப்போட்டாற்போல் தூங்கும் பெண்களின் மூச்சுகள். அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. சன்னலுக்குக் கீழே இரண்டு மூன்று. கதவுக்கு அப்பால் கூடத்துத் தரையில் வரிசையாக, வாசல்வரைக்கும்.

அவள் வாயைத் திறந்தாள். இன்னொரு காதுக்கருவியில் கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான்.

"சத்தம் போடாத" என்று கிசுகிசுத்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "பாவம், இப்பத்தான் தூங்குறாங்க."

இருவருக்கும் நடுவில், யாரும் உட்காராத இடத்தில், மெத்தை ஒருமுறை அமுங்கி எழுந்தது. யாரோ புரண்டு படுத்தார்கள்.