இரண்டு நொடி

கதவின் சர்க்யூட் போர்டு இரண்டு நொடியில் அணைந்து மறுபடி எழ வேண்டும். அணையவே இல்லை. பச்சை விளக்கு தன் பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

காசிமேட்டில் அந்த மீன் குளிர்கிடங்கின் கதவுக்குப் புரோகிராம் எழுதியவள் கார்குழலி. புரோகிராம் ஓடும்வரை வாட்ச்டாக் டைமருக்குச் சிக்னல் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் விளக்கு சிமிட்டும். இரண்டு நொடி சிக்னல் வராவிட்டால் டைமர் போர்டைத் திருப்பித் தொடங்கிவிடும், கதவுப் பூட்டும் திறந்து விடும். சோதனைக்கு இடைஞ்சல் என்று போன மாதம் டைமரை அணைத்தவள், திரும்பப் போட மறந்தாள். புரோகிராம் நின்றது. பூட்டு விடவில்லை. பெட்டி அடுக்க உள்ளே போன பாஸ்கலை மறுநாள் காலையில்தான் விறைத்த பிணமாக எடுத்தார்கள். கரண்டுக் கோளாறு என்றார் மேனேஜர். அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்று டைமரைப் போட்டாயிற்று. வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிக்னல் அனுப்பும் வரியை எடுத்திருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பிற்பகல் மழை கொட்ட, மீன்கவிச்சியும் அமோனியா நெடியும் தொண்டையில் ஒட்ட, லேப்டாப்பில் மேலிருந்து கீழ்வரை தேடினாள். அந்த வரி எங்குமே இல்லை, விளக்கு மட்டும் சீரில்லாமல், அவசர அவசரமாகச் சிமிட்டியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சிமிட்டலுக்கு ஒரு தட்டு. கதவுக்கு உள்ளேயிருந்து.

"பூவம்மாக்கா, உள்ள யார்னா கீறாங்களா?"

கூடை கழுவிக்கொண்டிருந்த பூவம்மா நிமிரவில்லை. "யாரு போவா? பாஸ்கல் செத்ததுலேர்ந்து அந்த ரூமு காலியாத்தான் கீது."

"உனக்குக் கேக்கல?"

"இன்னா கேக்கணும்?" கூடைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் வெளியே போய்விட்டாள்.

தட்டு மெதுவாகியது. கார்குழலி எண்ணினாள். ஒரு நொடி. ஒன்றேகால். தட்டுகிற கை களைத்துக்கொண்டிருந்தது.

ஒன்றரை.

இரண்டைத் தாண்டினால் பூட்டு விடும்.

லேப்டாப்பின்மேல் பாய்ந்தாள். டைமரை அணைக்க வேண்டும். மறுபடியும். போர்டில் ஏற்று. சீக்கிரம்.

பாதிதான் ஏறியிருந்தது.

ஒரு தட்டு. மிக மெல்ல.

பிறகு இல்லை.

பச்சை விளக்கு அணைந்தது. பூட்டு விட்டது.

கனத்த கதவு தானாக அகன்றது. வெண்புகை தரையோடு ஊர்ந்து வந்து அவள் கால்களை மூடியது. புகைக்குள் பாஸ்கல் நின்றான். கண்ணிமையில் பனி. உயர்த்திய கையை அவன் இன்னும் கீழே போடவில்லை. விரல் முட்டிகளில் தோல் இல்லை, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.