விழித்திருக்கும் கோர்

எந்த நிரலும் ஓடாதபோதும் திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

கமலவல்லி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் செயல்திறனை அளக்கும் பகுதியைச் சீர்செய்வது அவள் வேலை. பல இடங்களில் சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் சேர்த்திருந்தாள். விதி எளியது: எண்ணுகிற கோர், அதாவது செயலியின் ஒரு கூறு, உறங்கப் போனால், விழித்திருக்கும் அடுத்த கோர் விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். சோதனைக் கணினியில் இப்போது எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் நிமிடத்துக்கு ஒன்று கூடியது. 2,89,14,071. 2,89,14,072.

ஐப்பசி மழை பிற்பகலையே இருட்டாக்கியிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், மூழ்கிய நாற்றங்காலில் கத்தும் தவளைகள், சுவரோரம் கசியும் புளித்த வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில் பக்கத்து அறையில் யாரோ நிதானமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கோடியே எம்பத்தொம்பது லட்சத்துப் பதினாலாயிரத்து எழுபத்தி மூணு."

அப்பாவின் குரல். பக்கவாதம் வந்த ஏழு மாதமாகக் கோவிந்தராசு வாய் திறந்ததில்லை என்றுதான் அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

"அம்மா, அப்பா பேசுறாங்க!"

தர்மாம்பாள் அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. "மெட்ராஸ்லேருந்து வந்து மூணு நாளாச்சு, இப்பதான் மகாராணிக்குக் கேக்குதாக்கும். காதுல அந்த எழவ மாட்டிக்கிட்டிருந்தா எப்படிக் கேக்கும்?"

"என்னத்த எண்ணுறாங்க?"

"பத்தாயத்துல தட்டுறத."

அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால், நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மரப்பெட்டி. உள்ளிருந்து ஒரு தட்டல். அப்பா ஓர் எண். மேசையில் திரையும் அதே எண்.

அம்மா அரிசி களைந்தபடியே சொன்னாள். குத்தகைக்காரர் பெயரைப் பதிய சர்க்கார் ஆள் வந்த வருஷம். குத்தகைக்காரன் உத்திராபதி தலைமுறையாய் உழுத நிலம். அவன் பெயரைப் பதிந்தால் குடும்பத்தின் கைவிட்டுப் போகும். "ரெண்டு நாளு பத்தாயத்துக்குள்ள கெடடான்னு அவன மூடிட்டு ஒங்கப்பா மேல ஒக்காந்துட்டாரு. தட்டுனான். பொழுது போவணுமே, எண்ணுனாரு. ஆளு செத்தப்பறமும் தட்டு நிக்கல. எண்ணிக்கிட்டே இருந்தா மூடி தொறக்காது. பகல்ல அவரு, ராத்திரி நானு. ஒனக்கு ஜெபம்னு சொல்லி வச்சிருந்தோம்."

"பைத்தியமாம்மா உனக்கு?"

"எனக்கு முடியலடி. ஒன்ன எதுக்கு வரச்சொன்னேன்னு நெனச்ச?"

பக்கத்து அறையில் குரல் நின்றது.

கமலவல்லி திரையைப் பார்த்தாள். பூஜ்யம்.

அவளுக்குப் புரிந்தது. சேர்த்து எழுதியபோது பழைய எண்ணை எடுத்துச்செல்லும் ஒரு வரியை விட்டுவிட்டாள். அடுத்தவர் தொடர ஓர் எண் எங்கும் இல்லை.

அம்மாவின் ஈரக்கை அவள் கழுத்தைப் பிடித்தது. அப்பாவின் அறைக்குள் தள்ளியது. அறைக்கதவு வெளியே தாழிடப்பட்டது.

"விட்ட எடத்துலேருந்து எண்ணுடி!"

அப்பாவின் வாய் திறந்தே இருந்தது. மூச்சில்லை.

தட்டல்.

எழுபத்தி மூன்றா? எழுபத்தைந்தா? கதைகேட்டு நின்றதில் எத்தனை போயிற்று?

தட்டல். நிமிடம் ஆகவில்லை.

"அம்மா, எத்தனைன்னு சொல்லும்மா!"

அம்மாவின் காலடி கதவைவிட்டு விலகியது. அம்மாவும் எண்ணியிருக்கவில்லை.

தட்டல். தட்டல்.

ஏதாவது ஓர் எண். முதலிலிருந்தாவது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை; அதற்கென்று ஒரு மங்கலச் சொல் உண்டு. அவள் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

"லாபம்."

தட்டல் நின்றது.

உள்ளிருந்து, நெல் அளக்கிறவனின் ராகத்தில், பொறுமையாக ஒரு குரல்:

"ரெண்டு."

பத்தாயத்தின் அடியில் நெல் சரியும் சின்னக் கதவு மேலேறியது. நெல் கொட்டியது. கறுத்த, வெதுவெதுப்பான நெல். அவள் கால்விரல்களை மூடியது. கணுக்காலை மூடியது.

நெல்லோடு நெல்லாகப் பற்கள். ஒரு மனிதனுக்கு இருக்கக்கூடியதைவிட அதிகமான பற்கள்.

"மூணு."