எண்ண மறுத்த கண்கள்

கொட்டும் மழையில் அவள் ஓடி வந்தாள். துப்பட்டா நனைந்தால் நனையட்டும், கையிலிருக்கும் பெட்டி நனையக் கூடாது! ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே நுழைந்தவள்... எதிரே வந்தவன்மேல் மடேரென்று மோதினாள்.

பெட்டி எகிறியது. அவன் தாவிப் பிடித்தான். பெட்டியைத்தான்! அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல ஆளுங்க நீங்க! என்னை விட்டுட்டுப் பெட்டியைப் பிடிக்கிறீங்களே?"

"நீங்க விழுந்தா எழுந்துக்குவீங்க... இதுக்குள்ள இருக்கறது கொட்டிப்போனா?"

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவளிடமிருந்து தெறித்த மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே அவன் கண்கள்... அப்பப்பா! எதையும் ஒரு தடவையில் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கிற கண்கள். அவளையும் இரண்டாவது தடவை பார்த்தன. அவளுக்குக் கன்னம் சுட்டது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பக்கத்துப் பிரிவின் 'சந்தேகப்பிராணி' இவன்தானாம். யார் எதைக் கண்டுபிடித்தாலும், "அப்படியா? எண்ணிப் பார்த்துடலாமே" என்பானாம். போதாக்குறைக்கு, அந்தப் பெட்டியிலிருக்கும் அவளுடைய தட்டுகளில் செல்களை எண்ணப்போவதும் இவனேதான்!

அவள் வேலை பெப்டைட். புரதத்தின் குட்டித் துண்டு அது. மணி கோப்பதுபோல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்து அவளே செய்வாள். முதியவர்கள் கொடுத்த தோலிலிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்த்து, சிலவற்றில் பெப்டைடும் சிலவற்றில் வெறும் உப்புநீரும் விடுவாள். சாயம் போட்டால் மூத்துப்போன செல் நீலமாகும். நீலம் குறைந்திருந்தால் மூப்பும் குறைந்ததாக அர்த்தம். எந்தத் தட்டில் எது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். எண்ணுகிறவனுக்குத் தெரிந்தால் அத்தனை உழைப்பும் வீண். இந்தத் தடவையும் எடுபடாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிட வேண்டியதுதான் என்று இயக்குநர் அம்மா சொல்லியிருந்தார்.

ஆகவே தட்டைப் பற்றி இருவரும் மூச்சுவிடுவதில்லை. மற்றதெல்லாம் பேசினார்கள்... மழை, அவன் அக்கா மகனுக்கு விழுந்த பல், அவள் அம்மா சலிக்காமல் பார்த்துவரும் மாப்பிள்ளைகள்.

"அதுல எதுவும் தேறலையா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஏன், அதையும் நீங்க எண்ணணுமா?"

அவன் சிரித்துவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சிரிப்புக்காகவே அவள் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு பிற்பகல் அவள் போனபோது, அவன் மைக்ராஸ்கோப்பை விட்டு மெல்ல நிமிர்ந்தான். குரலே மாறியிருந்தது.

"கொஞ்சம் இங்க வாங்களேன்... எண்பது வயசுக்காரரோட செல்லுங்க இது. நேத்துப் பொறந்த மாதிரி இருக்கு. நீலத்தையே காணோம்... எப்படிங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். ஓடைத் தண்ணீரில் மீன்குஞ்சுகள் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்பதுபோல், மெலிசாக, நீளமாக, வரிசை வரிசையாகச் செல்கள்! உடம்பு சிலிர்த்தது. எண்பது வருஷ வெயிலைப் பார்த்த தோலா இது? தட்டின் எண் கண்ணில் பட்டதும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் காட்டிக்கொடுத்துவிடுமே!

மறுநாள் காலை இயக்குநர் அம்மா கூப்பிட்டார்.

"அவர் இனிமே எண்ண மாட்டாராம். எல்லாத் தட்டையும் வேற ஆள் முதல்லேருந்து எண்ணணும். ஏன்னு அவரையே போய்க் கேளும்மா."

சந்தேகப்பிராணியே விலகிவிட்டான் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நேராக அவன் அறைக்குப் போனாள்.

"என் வேலையில என்ன குறை கண்டீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே!"

"குறை எங்கிட்டதாங்க... நேத்து ஒரு செல் நீலமா இல்லையான்னு சந்தேகமா இருந்துச்சு. 'இல்லை'ன்னு போடுடான்னுது மனசு. இது பலிக்கணும்னு எனக்கு ஆசை வந்துடுச்சு. ஆசைப்படுறவன் எண்ணக் கூடாது."

"உங்களுக்கு எதுக்கு அந்த ஆசை?"

"பலிச்சா நீங்க சிரிப்பீங்களே..."

"இதை... இயக்குநர் அம்மாகிட்டயும் சொன்னீங்களா?"

"உள்ளதைச் சொன்னேன். அந்தப் பொண்ணுமேல உசுரையே வெச்சிருக்கேன், என் கண்ணை நம்பாதீங்கன்னு. மறுபடி எண்ணி முடிக்கிற வரைக்கும் உங்க ஆராய்ச்சியை மூட மாட்டாங்களாம்."

"அட கடவுளே! ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசியா எங்கிட்ட சொல்றீங்களா?"

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. இவன் வாழ்நாளில் பார்த்த பெரிய அதிசயம் அந்தத் தட்டு. அது பொய்யாகிவிடக் கூடாது என்று, அந்தக் கண்டுபிடிப்பில் சேரவேண்டிய தன் பெயரையே விட்டுக்கொடுத்திருக்கிறான். இப்படியும் ஒரு மனுஷனா!

"வேற ஒருத்தர் எண்ணி... ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அப்போ எல்லாரையும் மாதிரி எனக்கும் வயசாகிட்டுப் போகுது... அது உங்களோட ஆகணும். அவ்வளவுதான் என் ஆசை."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பலிச்சாலும் சரி, பலிக்காட்டியும் சரி..." என்றாள், அவன் கையைப் பற்றிக்கொண்டு. "நாம சேர்ந்தே கிழவன் கிழவி ஆயிடலாம்."