கரட்டு விளக்குகள்

டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது வீடு இடப்பக்கமாகச் சாய்ந்தது. குழந்தைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டார். வளைவில் திரும்பும் பேருந்தில் உடம்பு ஒரு பக்கமாக ஒதுங்குமே, அப்படி ஓர் ஒதுக்கம். ஆனால் டம்ளருக்குள் டீ அசையவில்லை. காலண்டர் ஆணியில் நேராகத்தான் தொங்கியது. எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி மலர்விழி நிமிரக்கூட இல்லை.

மகள் கிருத்திகா போனதிலிருந்து இப்படித்தான். நாமக்கல்லில் காது டாக்டர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்.

அவள் சேலத்தில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் அகப்படாது, எது மேல் எது கீழ் என்று காதுக்குள் இருக்கிற நீர்தான் சொல்லும், அதுவும் பொய் சொல்லும் என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி அவருக்கு விளக்கினாள். விமானம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே உடம்பு நேராகப் போவதாகச் சத்தியம் செய்யுமாம். "உடம்ப நம்பக் கூடாதுங்கப்பா. எதுக்க இருக்கற மீட்டரு முள்ளத்தான் நம்போணும்." உங்கம்மா வைக்கிற குழம்புக்கும் அப்படி ஒரு முள் வாங்கி வா என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தார்கள்.

முட்டைக்கோழிக்குப் பகல் நீளமாக இருக்கவேண்டும். அதனால் பொழுது மங்கும்போதே கொட்டகையில் விளக்குப் போட்டுவிடுவது இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வழக்கம். குழந்தைவேலின் கொட்டகைகள் வீட்டையொட்டிய கரட்டில், அந்தச் சிறு குன்றின் சரிவில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறின. கிருத்திகா தனியாகப் பறந்து வீட்டுத் தோட்டத்துக்கு மேலாகத் திரும்புகிற அன்று மேகம் தாழ இறங்கியிருந்தது. பிள்ளைக்கு வீடு தெரியட்டும் என்று பொழுதிருக்கவே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வாசலில் நின்றார். சத்தம் வந்தது. தலைக்கு மேல் வந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, கரட்டுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். மேக இடைவெளியில் தெரிந்த விளக்கு வரிசையைச் சமதரை என்று நினைத்து, அதற்கு ஏற்ப விமானத்தைச் சாய்த்திருக்கலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை.

இன்றும் மேகம் இறங்கியிருந்தது. எங்கோ பெய்கிற மழையின் மண்வாடையும் கோழி எச்சத்தின் காரமும் சேர்ந்து சன்னல் வழியாக வந்தன. வேலையாட்கள் நேரத்தோடு போய்விட்டார்கள்.

"எத்தன நாளைக்குங்க இருட்டுலயே போட்டு வெப்பீங்க?" என்றாள் மலர்விழி. "அந்த வாயில்லாத சீவனுக என்ன பண்ணுச்சு?"

"போடாத மலரு. அவ இன்னும் எறங்கல."

மலர்விழி கீரையை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அவளக் கெடச்ச வரைக்கும் நாந்தானுங்க குளிப்பாட்டி அனுப்புனேன்," என்றாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கரட்டுக்கு மேலே, மேகத்துக்குள், ஒற்றை எஞ்சின். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மலர்விழியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவர் செருப்புக்கூடப் போடாமல் சரிவில் ஏறினார். இன்றைக்கு எங்கும் இருட்டு. அவளை ஏமாற்ற ஒரு விளக்கும் இல்லை. இன்றைக்கு நேராகிவிடுவாள். உச்சிக் கொட்டகைக்குள் நுழைந்து அண்ணாந்து நின்றார். சத்தம் மெல்ல நிதானப்பட்டது. நிமிர்ந்தது. அவர் அழ ஆரம்பித்தார்.

விளக்குகள் எரிந்தன.

கீழ்க் கொட்டகையிலிருந்து உச்சிவரை, வரிசையாக. இருட்டில் அவர் விழுந்துவிடக் கூடாதென்று மலர்விழிதான் வீட்டிலிருந்து போட்டிருக்கவேண்டும்.

மேலே சத்தம் ஒதுங்கியது.

"வேண்டாஞ் சாமி," என்று மேலே பார்த்து மகளைக் கெஞ்சினார். "இது தரையில்ல. முள்ளப் பாரு சாமி."

தரை சாய்ந்தது. கூண்டுக் கம்பியைப் பற்றினார். கோழி ஒன்றுகூடக் கத்தவில்லை. கொட்டகையின் மறுகோடிவரை ஒவ்வொரு கோழியும் கழுத்தையும் உடம்பையும் ஒரே பக்கமாகச் சாய்த்து நின்றது. கரட்டின் சரிவுக்குச் சரியாக.

உடம்பு பொய் சொல்கிறது. கண்ணும் பொய் சொல்கிறது.

கண்ணை மூடித் திறந்தார்.

கூண்டின் அடிப்பக்கம் முன்னால் தாழ்ந்திருக்கும். இட்ட முட்டை உருண்டு வந்து வெளித் தட்டில் நிற்கும். இன்று எடுக்காமல் விட்ட முட்டைகள் தட்டில் இருந்தன.

ஒன்று அசைந்தது.

மேல்நோக்கி.

பிறகு அடுத்தது. பிறகு வரிசை முழுவதும். ஓசையில்லாமல் ஏறி, கோழிகளின் கால்களுக்கிடையே திரும்பிப் போயின.

எஞ்சின் சத்தம் இப்போது தலைக்கு மேல் இல்லை. காலுக்குக் கீழே. சிமெண்டுத் தரைக்கு அடியில், வெகு ஆழத்தில். வெறுங்காலில் அதன் அதிர்வு ஏறியது.

"நேராத்தான் வாரேனுங்கப்பா."

அது நெருங்கியது. முட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன.