கடுக்காய் கொடுத்த கை

"ஐயோ... கொலை! கொலை!"

ஹலீமா பீயின் அலறலில் அந்த ஆம்பூர்த் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

1934. வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணி.

பக்கத்து வீட்டுக் கொல்லைக் கேட்டுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்து சாக்கடையில் கலந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பழைய மோட்டார் கார். அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன...

இரண்டு கால்கள்!

அசையாத கால்கள்!

மூலைக் கடையிலிருந்து டீ டம்ளரோடு ஓடி வந்தார் ஏட்டு செங்கல்வராயன். லத்தி நுனியால் ஒரு காலைத் தொட்டார்.

"செத்து ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும்" என்றார் கம்பீரமாக.

"யாரு செத்தது?" என்று கேட்டது பிணம்.

ஏட்டின் டீ தரைக்குப் போயிற்று!

பிணம் உருண்டு வெளியே வந்து கண்ணைக் கசக்கியது. அது இஷ்தியாக் அகமது. அமீர் பாஷாவின் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. தோலில் கடுகளவு கறை இருந்தாலும் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிற ஆள்.

"வேலை செஞ்ச அசதி... கொஞ்சம் கண்ணசந்துட்டேன் ஏட்டய்யா."

"அப்போ இந்த ரத்தம் இன்னா பாய்?"

"ரத்தமில்ல, துரு! செங்கல்லால தேச்சுக் கழுவின தண்ணி!"

"துருவா?" ஹலீமா பீக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "நான் தொண்டை கிழியக் கத்தினேனே தம்பி!"

அந்தக் கார் பத்து வருஷம் டேனரி முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்தது. முதலாளி அமீர் பாஷா அதைப் பழைய இரும்புக்குத் தள்ளப் போனபோது இஷ்தியாக்தான் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி வந்தான். முதலாளியும் சும்மா கொடுக்கவில்லை. எட்டு மாசம் கெடு. எட்டாவது மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, மசூதியில் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிவதற்குள் கார் தானாக ஓடி கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் கார் இஷ்தியாக்குக்கு. இல்லாவிட்டால் சம்மட்டிக்கு.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான்.

பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம்தான்!

"சரி, ஸ்டார்ட் பண்ணு. நானும் பார்க்கறேன்" என்றார் ஏட்டு.

இஷ்தியாக் சுவரோரம் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஹேண்டில்... ஹேண்டிலைக் காணோம்!"

முன்னால் செருகிச் சுற்றுகிற இரும்பு ஹேண்டில். அது இல்லாமல் அந்த இன்ஜின் உயிர் பெறாது.

"எப்போ பார்த்தே கடைசியா?"

"மத்தியானம் ஜும்மா தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி கடுக்காய்த் தண்ணி பூசி, ஈரத்தோட இங்க சாச்சு வச்சேன். திரும்பி வந்து தொப்பியக் கழட்டி இந்தச் சுவத்துல மாட்டும்போதே அது இங்க இல்ல... எனக்குத்தான் உறைக்கல!"

"இரும்புக்கு எதுக்குய்யா கடுக்காய்த் தண்ணி?"

"டேனரியில தோல் பக்கத்துல ஒரு ஆணியக்கூட விட மாட்டோம். ஈரத்தோல்ல இரும்பு பட்டா மை மாதிரி கறுப்பா புடிச்சிக்கும், போகவே போகாது. அதையே இங்க திருப்பிப் போட்டேன். துரு மேல கடுக்காய்த் தண்ணி பூசினா கறுத்து இறுகிடும். அப்புறம் துரு பரவாது."

ஏட்டின் மீசை துடித்தது.

"அப்படின்னா... ஈர ஹேண்டிலைத் தூக்கினவன் கை?"

"கறுத்திருக்கும்! சோப்பு போட்டாலும் போகாது!"

"எல்லாரும் கையை நீட்டுங்க!"

அந்த நேரம் பார்த்து ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார் அமீர் பாஷா. கையில் கடிகாரம்.

"இன்னா மேஸ்திரி, சம்மட்டிக்காரனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"மொதல்ல கையைக் காட்டுங்க முதலாளி" என்றார் ஏட்டு.

காட்டினார். பன்னீர் வாசனை அடிக்கும் வெள்ளைக் கை!

"அவரு ஜும்மாவுல என் பக்கத்துலதான் நின்னாரு" என்றான் இஷ்தியாக் சோர்ந்துபோய். "தெருவுல இருக்கற அத்தனை ஆம்பளைங்களும் மசூதிலதான் இருந்தாங்க."

"எல்லாருமா?" ஹலீமா பீ கண்ணைச் சுருக்கினாள். "ஏட்டு தொழப் போகலையே!"

ஏட்டு அவசரமாகத் தன் கைகளைப் புரட்டிக் காட்டினார். டீக்கறை மட்டும்தான்! ஹலீமா பீயின் கையில் மிளகாய்ச் சிவப்பு.

அப்போது சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டு நீண்டது. மூன்று டம்ளர் டீ. இஷ்தியாக்கின் மனைவி நசீமுன்னிசா அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டாள். கை மட்டும்தான் வரும்.

அந்தக் கை முழுக்க மருதாணி!

"வீட்ல விசேஷமா அம்மா?"

"ஆமா" என்றது திரை. "கார் ஒழியற சந்தோஷம்."

எல்லாரும் சிரித்தார்கள். இஷ்தியாக் சிரிக்கவில்லை. காலையில் அந்தக் கை வெறுங்கை. இப்போது அப்பியிருந்த மருதாணி காய்ந்து, வெடித்து, வெடிப்புக்கு நடுவே...

கறுப்பு!

திரைக்குள் பாய்ந்தான்.

"நசீமா! ஹேண்டில் எங்க?"

"எந்த ஹேண்டிலு?"

"மருதாணி சிவக்கும். இப்படிக் கறுக்காது. யார்கிட்ட கடுக்காய் கொடுக்கறே?"

அவள் திரையை இழுத்து மூடினாள். பிறகு பேசியவள் நிறுத்தவில்லை.

"எட்டு மாசமா கடுக்காய் இடிச்சது யாரு? என் அண்டாவுல வேக வச்சது யாரு? துருத்தண்ணியில ஊறின உங்க சட்டையத் தோய்ச்சது யாரு? மொத சவாரி மட்டும் முதலாளிக்கா? நேத்து நீங்களே அவர்கிட்ட சொன்னீங்க, என் காதால கேட்டேன்!"

இஷ்தியாக்குக்குச் சுருக்கென்றது. எத்தனை ராத்திரி கை காய்த்துப்போக இடித்தாள்! ஒரு வார்த்தை கேட்டோமா? தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான். மொத சவாரி உனக்குத்தான்."

"முதலாளி கோவிச்சிக்கிட்டா?"

"கோவிச்சிக்கட்டும்!"

அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஹேண்டிலை எடுத்தாள். அரிசியும் கறுத்திருந்தது. இன்றைக்குக் கறுப்புப் பிரியாணிதான்.

கொல்லைக்குப் புர்கா போட்டுக்கொண்டு வந்தவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அரே! அந்தப் பக்கம் உட்காரு!"

"நீங்க முன்னாடி சுத்தும்போது உள்ள பெட்ரோலை யாரு கூட்டறது? சமையக்கட்டு ஜன்னல்ல எட்டு மாசமா பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். சுத்துங்க!"

சுத்தினான். ஒன்றுமில்லை.

மறுபடி சுத்தினான். ஒரு தும்மல்!

மசூதியிலிருந்து பாங்கு எழுந்தது. அமீர் பாஷா நிதானமாகக் கடிகாரத்தை மூடினார்.

"யா அல்லா!" என்று மூன்றாவது முறை சுத்தினான்.

டுர்ர்ர்ர்...!

கார் உறுமியது. குலுங்கியது. பிறகு யாரும் எதிர்பாராத விதமாக... நகர்ந்தது!

"நசீமா! பிரேக்கு! பிரேக்கு!"

இஷ்தியாக் ஒரு பக்கம் குதித்தான். முதலாளி மறு பக்கம் குதித்தார். கார் கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடப்பா ரோட்டில் திரும்பியது. பாங்கு இன்னும் முடியவில்லை!

"பாம்... பாம்!" தூரத்தில் ஹார்ன் சத்தம். அதோடு ஒரு பெண்ணின் சிரிப்பு.

கார் அவனுடையதாகிவிட்டது. கார்தான் கையில் இல்லை. ஹேண்டிலோடு வாசலில் நின்ற இஷ்தியாக்குக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

ஏட்டு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டார்.

"ஹேண்டில் கிடைச்சாச்சு, அந்தக் கேஸ் முடிஞ்சுது பாய். இப்போ காணாமப் போனது காருன்னு எழுதட்டுமா... சம்சாரம்னு எழுதட்டுமா?"