மூடியின் உட்புறம்

பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்த வாட்ச்காரர், கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை எடுக்காமலே கேட்டார். “இதுக்கு முன்னாடி இத யாரும்மா சர்வீஸ் பண்ணினது?”

“யாரும் பண்ணலையே. திருப்புளியே படாத வாட்ச்னு எங்கப்பா பெருமையடிப்பாரு.”

“பட்டிருக்கே. நாலு தடவ.”

மூடியைத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தார். மஞ்சள் பொன்னின் உட்புறத்தில், மயிரிழை போல, நான்கு வரிகள். பழுது பார்க்கிறவர்கள் வேலை முடிந்ததும் ஊசியால் அங்கே தேதியைக் கீறி வைப்பார்களாம். அடுத்துத் திறக்கிறவனுக்கு அது ஒரு தகவல்.

“ஆனா கூத்தப் பாருங்க. முத தேதிக்கும் கடைசித் தேதிக்கும் அறுபது வருஷத்துக்கு மேல ஆகுது. எழுதினது ஒரே கை! அவ்வளவு நாள் எவன் சாகாம உக்காந்து தொழில் பண்ணினானோ.” சிரித்துக்கொண்டே மூடியை ஊதினார். கடைசி வரியிலிருந்து பொடி பறந்தது. பொன் பொடி.

அவள் லென்ஸை வாங்கிப் பார்த்தாள். முதல் தேதி அவளுக்குத் தெரியும். வீட்டுக் கூடத்தில் தொங்கும் தாத்தா படத்துக்குக் கீழே, அவர் மறைந்த நாளாக அதே தேதிதான் எழுதியிருக்கும். இரண்டாவதை இரண்டு முறை படித்தாள். அவள் கணவன் பைக்கோடு லாரிக்கு அடியில் போன நாள். மூன்றாவது, போன ஜூனில் அப்பா போன நாள்.

நான்காவது 26-9-24.

வருகிற வியாழக்கிழமை. குட்டிக்கு ஆபரேஷன்.

அவளுடைய ஏழு வயது மகள் குட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும் என்றுதான், அப்பா அவள் கையில் விட்டுப்போன ஒரே சொத்தை விற்கக் கிளம்பியிருந்தாள். பழைய கடிகாரங்கள் சேகரிக்கிற ஒருவர் ஐந்து மணிக்குக் காத்திருப்பார். மெஷின் நன்றாக ஓடுகிறது என்று வாட்ச்காரர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கென்று திறந்ததுதான்.

கடைக்கு வெளியே அண்ணன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான்.

“ரிப்பேர்க்காரன் கிறுக்கினதுக்கெல்லாம் அர்த்தம் பாப்பியா நீ? பேசாம வந்து வண்டில ஏறு.”

“வியாழக்கிழமை இன்னும் வரவே இல்லண்ணா. வராத தேதிய எவன் எழுதுவான்?”

“சரி, இப்ப என்னங்கற?”

“உருக்கிடப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு? முழு வாட்சா வித்தாத்தான் காசு. உருக்கினா பாதிகூடத் தேறாது. அதை வச்சு ஆபரேஷன் தியேட்டர் வாசப்படியக்கூட மிதிக்க முடியாது, தெரியுதா?”

தெரியாமலா? காலையிலிருந்து ஆஸ்பத்திரிக் காசைத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வாங்குகிறவர் வீட்டோடு அந்தத் தேதி போய்விடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கலாம். இருக்கட்டும். நினைத்த வேகத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அப்படியே விற்றாலும் எழுதினது எழுதினதாகவே அந்த மூடியில் இருக்கும். டாக்டருக்குப் போன் செய்து ஆபரேஷன் தேதியை மாற்றிக் கேட்டாள். தியேட்டர் கிடைத்ததே பெரிது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

“யார் கால்லயாவது விழறேன் அண்ணா. வீடு வீடாப் போய்ப் பிச்ச எடுக்கறேன். முதல்ல அந்தத் தேதி அழியணும்.”

“எக்கேடோ கெட்டுப் போ.” அண்ணன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நகைப் பட்டறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கரிப் புகையும் அமிலமும் கலந்த நெடி தொண்டையைப் பிடித்தது. பட்டறைக்காரர் மெஷினைத் தனியாகக் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டார். பொன் கூட்டையும் மூடியையும் உருக்கும் மண்கிண்ணமான மூசையில் வைத்து, வெங்காரப் பொடி தூவினார்.

“நல்லா யோசிச்சீங்களாம்மா? உருக்கினா உருக்கினதுதான்.”

“போடுங்க.”

நீலச் சுடர் சீறிக்கொண்டு மூசைக்குள் இறங்கியது. மூடி முதலில் கறுத்தது, பிறகு சிவந்தது. அந்தச் சிவப்பில் எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. தாத்தா அழிந்தார். கணவன் அழிந்தான். அப்பா அழிந்தார். நான்காவது வரி மட்டும் பிடிவாதமாக நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஓரம் சுருண்டது, நெளிந்தது, சட்டென்று எல்லாம் ஒரு துளியாகத் திரண்டு பளபளவென்று ஆடியது. அப்பாடா! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடரை அணைத்தார் பட்டறைக்காரர். அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது.

கிற்... கிற்...

ஊசியால் தகரத்தைக் கீறுகிற மாதிரி. அவர் அரம் போடுகிறார் என்று நினைத்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன சத்தம்ங்க அது?”

“எது? எனக்கொண்ணும் கேக்கலையே.”

பொன்னுக்கு உண்டான காசை எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸின் இரைச்சலிலும் அது காதுக்குள் இருந்தது. சில நேரம் நின்றது. கீறுகிறவன் நிமிர்ந்து, எழுதினதைச் சரிபார்த்துவிட்டுக் குனிகிற மாதிரி மறுபடி தொடங்கியது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கி நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

வார்டில் வெயில் சாய்ந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் கட்டில்கள் மேல் நீண்டு கிடந்தது. டெட்டால் வாடை. குட்டி குப்புறப் படுத்துப் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம். கன்னம் சில்லென்று இருந்தது, காய்ச்சல் இல்லை. அவளுக்கு உயிர் வந்தது.

“அம்மா, முதுகு அரிக்குது.”

“வியர்த்திருக்கும்டா கண்ணு. துடைச்சு விடறேன்.”

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குட்டியின் சட்டையை மேலே தூக்கினாள்.

நட்ட நடு முதுகில் மூன்று வரிகள். மயிரிழை போல. அதே கை. தாத்தா. கணவன். அப்பா.

துணியால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். தோல்தான் சிவந்தது.

கிற்...

மூன்றாவது வரிக்குக் கீழே தோல் தானாகக் குழிந்தது. ஒரு கோடு வளைந்தது. கண் எதிரே. சொட்டு ரத்தம் இல்லை.

இரண்டு.

அடுத்தது ஆறு. ஆறுதானே? ஆறாக இருக்கட்டும். வியாழக்கிழமையாகவே இருக்கட்டும். மூன்று நாள். மூன்றே மூன்று நாள் கொடு. உள்ளங்கையால் அந்த இடத்தை மூடினாள். கைக்கு அடியில் ஊர்ந்தது. மேலே ஒரு வளைவு. கீழே இன்னொரு வளைவு. மெதுவாக. நிதானமாக. வேலை தெரிந்த கை.

கையை எடுத்தாள்.

23.

இன்று திங்கட்கிழமை. இருபத்து மூன்றாம் தேதி.

பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று விழுந்தது. குட்டி நெளிந்துகொண்டு சிரித்தாள்.

“கூசுதும்மா. யாரும்மா அது, உனக்குப் பின்னாடி நின்னு எழுதறது?”